நாரி நோவும் நிமிர்வுப் பிரசங்கமும்

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் நாரிப் பட்டி ஒன்று நாலு வருடமாகத் தொங்குகிறது. தோல் நிறத் துணி, முன்னால் இறுக்கி ஒட்டுகிற பட்டை, முதுகுப் பக்கத்தில் செருகிய நான்கு தகடுகள். இப்போது மூன்றுதான் இருக்கின்றன. நாலாவதை உம்மா உருவியெடுத்து, சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்ட வைத்திருக்கிறார். அதற்கு அது நல்ல வாகாம்.

பட்டியைக் கட்டச் சொன்னவர் ஒரு தனியார் வைத்தியநிலையத்து டொக்டர். அவர் பெயர் வேண்டாம். புத்தளத்திலிருந்து சிலாபம் வரை எந்தக் கதவைத் தட்டினாலும் இதே பாட்டுத்தான் கேட்கும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு தேய்ஞ்சிருக்கு, இடைவெளி குறைஞ்சிருக்கு" என்றார். பிறகு தடைகள்: குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நிலத்தில் இருக்கக் கூடாது, இனிமேல் கதிரையில் இருந்துதான் தொழ வேண்டும். எழும்பி வாசலுக்கு வரும்போது ஒரு வாசகம் பின்னாலேயே வந்தது: "வாழ்நாள் முழுக்கக் குனிஞ்சே வேலை செஞ்சிருக்கீங்க. அதுதான் இப்ப கணக்குக் கேட்குது."

தடைகளைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கடைசி வாசகத்தோடுதான் என் சண்டை.

உம்மா குனிந்தது உண்மை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் இடுப்பில் நான். ஓலைக் கொட்டிலுக்குள் சாமான்களை வைத்த கையோடு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். கற்பிட்டி மணலில் சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட் எல்லாம் விளையும். விளைய வைத்த கைகளில் பாதி, இடம்பெயர்ந்து வந்த பெண்களுடையவை. விதை வெங்காயத்தை ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றுகிற வேலைக்கு இடுப்பிலிருந்து மடிய வேண்டும். கை நிலத்தில், தலை கீழே, பாத்தி முடியும்வரை அப்படியே. முப்பது வருடம்.

ஆனால் அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவர் சொன்ன ஒரு சொல்லை அந்த டொக்டர் கேட்டிருக்க வேண்டும். "எனக்கு நோகுறது குனியக்குள்ள இல்ல மகன். நிமிரக்குள்ள."

இதைவிடத் துல்லியமான நோயறிக்கையை நான் எந்தத் துண்டிலும் வாசித்ததில்லை.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். இழையங்கள் பாடத்தில் தொடுப்பிழையம் என்றொரு பகுதி வரும். தமிழ்நாட்டில் இணைப்புத் திசு என்பார்கள். இரண்டு பெயருக்குமே பரீட்சைத் தாளுக்கு வெளியே வாழ்க்கை இல்லை. ஊரில் அந்தப் பொருளுக்குச் சவ்வு, நார் என்று பேர். இன்னும் பொதுவாக, நரம்பு. நாளம், நார், நரம்பு மூன்றையும் சேர்த்து நரம்பு என்று சொல்லும் பழக்கத்தைப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பெயர் வைப்பதற்கு முந்திய பேச்சு அது.

சவ்வைப் பார்க்க விரும்புபவர்கள் இறைச்சிக் கடைக்குப் போகலாம். தொடைத் துண்டின் மேல் வெள்ளையாக, வெள்ளி பூசினதுபோல ஒரு படலம் ஓடும். கடைக்கார நானா கத்தி நுனியை அதன் அடியில் கொடுத்து ஒரு இழுப்பு இழுப்பார். துணி கிழிவதுபோலச் சத்தம் கேட்கும். படலம் கையோடு வரும். அதைப் பூனைக்கு எறிந்துவிடுவார். அதற்கடுத்து அவர் செய்வதைத்தான் மாணவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். கத்தியை வைத்துவிட்டு இரண்டு தசைகளுக்கு நடுவில் பெருவிரலை விட்டுத் தள்ளுவார். பிசுபிசுவென்று, வெட்டாமலே, தசை தசையாகப் பிரிந்து வரும். அந்த வழுக்கலை ஹயலூரோனிக் அமிலம் என்ற பசை தருகிறது. சவ்வின் ஓர் அடுக்கு மற்ற அடுக்கின்மேல் வழுக்கி ஓடினால்தான் நாம் திரும்பலாம், எட்டலாம், குந்தலாம்.

நம் நாரியில் இந்தச் சவ்வு மிகப் பெரிய விரிப்பாக இருக்கிறது. முதுகெலும்பின் இருபுறமும், கீழே இடுப்பெலும்பு வரை, சாய்சதுரமாக, பல அடுக்குகளாக. ஒரு பக்கத்துக் கைத்தசையின் இழுவையும் மறுபக்கத்துப் பிட்டத்துத் தசையின் இழுவையும் அதில் வந்து சேர்கின்றன. உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். கயிற்றைப் பிடித்து, பின்னுக்குச் சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஓரடி ஓரடியாகப் பின்வாங்குவார்கள். கையின் பலமும் காலின் பலமும் ஒரே கயிற்றில் சேரும் இடம் நாரியில் இருக்கிற அந்த விரிப்பு. அவர்களுடைய நிலையைச் சுவரில் ஒட்டியிருக்கிற 'சரியான நிலை, பிழையான நிலை' படத்தோடு ஒப்பிட்டால் ஒருவர்கூடத் தேற மாட்டார். முதுகு வளைந்திருக்கும், கழுத்து முன்னுக்கு வந்திருக்கும், ஒரு தோள் தாழ்ந்திருக்கும். வலை மட்டும் கரைக்கு வந்துவிடும்.

அவர்களுக்கு நோவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'அந்தக் காலத்து ஆட்களுக்கு நாரி நோ ஏது' என்று கதை விடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கரைவலைக்காரருக்கு நோகும், உப்பளத்தில் வாருகிறவருக்கு நோகும், நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கணக்கு எழுதுகிற என் மச்சானுக்கும் நோகும். உலகத்தில் எந்த நேரத்தில் எடுத்தாலும் ஏறத்தாழ 54 கோடிப் பேருக்கு நாரி நோ இருக்கிறது என்று 2018இல் லான்செட் வெளியிட்ட கட்டுரைத் தொடர் கணக்குச் சொன்னது. குனிகிறவர், குனியாதவர் எல்லாரும் அதற்குள் அடக்கம். நிமிர்வுப் பிரசங்கிகள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உம்மாவின் சொல்லுக்கு வருகிறேன். லண்டனில் பிளொய்ட், சில்வர் என்ற இருவர் 1950களின் தொடக்கத்தில் முதுகுத் தசைகளின் மின்னோட்டத்தை அளந்தார்கள். ஒருவர் மெல்ல முன்னுக்குக் குனியும்போது தசைகள் வேலை செய்கின்றன. முழுக்கக் குனிந்து தொங்கியதும் அவை திடீரென்று மௌனமாகிவிடுகின்றன. அப்போது மேலுடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது சவ்வும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களும். வெங்காயப் பாத்தியில் உம்மா தன்னை அறியாமல் செய்துகொண்டிருந்தது அதைத்தான். தசைக்கு ஓய்வு கொடுத்து, உடம்பைச் சவ்வில் தொங்கவிட்டிருந்தார். அது உடம்பின் புத்திசாலித்தனம். அப்படி இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் தசை களைத்துவிடும்.

சவ்வு களைக்காது, ஆனால் நெகிழும். நனைந்த கயிற்றில் பாரம் தொங்கினால் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நீளுமே, அதுபோல. கனடாவில் மக்கில், பிரவுண் இருவரும் 1992இல் செய்த சோதனையில் ஆட்களை 20 நிமிடம் முழுக்கக் குனிய வைத்தார்கள். முடிவில் அவர்களுடைய முதுகு தொடங்கும்போது குனிந்ததைவிட ஐந்தரைப் பாகை கூடுதலாகக் குனிந்தது. நிமிர்ந்து 2 நிமிடத்தில் அந்த நெகிழ்வில் பாதி மீண்டுவிட்டது. மீதி 30 நிமிடம் கழித்தும் முழுதாக மீளவில்லை. நெகிழ்ந்து கிடக்கும் நார்களோடு, மௌனமாக இருந்த தசையைத் தட்டி எழுப்பிக்கொண்டு, ஒரே மூச்சில் நிமிர்ந்து வெங்காயப் பெட்டியைத் தூக்குகிற கணம்தான் உம்மா சொன்ன 'நிமிரக்குள்ள'.

இங்கே எதிராளி புன்னகைப்பார். 'அப்போ குனிந்ததுதானே காரணம், நாங்களும் அதைத்தானே சொன்னோம்' என்பார். இல்லை. சோதனை சொல்வது இருபது நிமிடத்தைப் பற்றியும் இரண்டு நிமிடத்தைப் பற்றியும். குனிவின் வடிவத்தில் அல்ல, இடைவெளியில்லாத குனிவின் நீளத்தில்தான் அங்கே விஷயம் இருக்கிறது. முழு நிமிர்வில் அசையாமல் நின்றாலும் உடம்பு முறைப்பாடு சொல்லும்; காவலுக்கு நிற்கும் சிப்பாயைக் கேளுங்கள். தொழிலாளியின் உடம்பு வடிவத்தில் பிழை கண்டுபிடிப்பது சுலபம், செலவும் இல்லை. அவள் எத்தனை மணித்தியாலம் நிமிராமல் இருந்தாள், ஏன் நிமிரவில்லை என்று கேட்டால் கதை வைத்தியநிலையத்துக்கு வெளியே போய்விடும்.

'நிமிர்ந்து நில்' என்ற கட்டளை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதில் மருத்துவத்தைவிட அணிவகுப்புத்தான் அதிகம். 1914இல் அமெரிக்காவில் உடல்நிலைக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார்கள். யேல், ஹாவர்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர்களை உடுப்பில்லாமல் நிறுத்திப் படம் பிடித்து, முதுகின் வளைவைத் தரம் பிரித்தார்கள். இந்தக் கூத்தைப் பற்றி பெத் லிங்கர் என்ற வரலாற்றாசிரியர் 2024இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நிமிர்ந்தவர் நாகரிகமானவர், நல்லொழுக்கமுள்ளவர். கூன் விழுந்தவர் சோம்பேறி. நம் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் பிரம்போடு வரும் ஆசிரியரின் 'நெஞ்சை நிமிர்த்து' இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஒழுக்கம் என்ற பெயரில் வந்தது, பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டது.

கோட்டுக்குக் கொஞ்சம் அறிவியலும் கிடைத்தது, மறுக்கவில்லை. சுவீடனில் நாச்செம்சன் 1960களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி விட்டு அழுத்தம் அளந்தார். நிற்பதைவிட இருப்பதில் அழுத்தம் கூட என்று வந்தது. உலகம் முழுக்கச் சுவர்ப்படங்கள் அதிலிருந்து பிறந்தன. 1999இல் ஜெர்மனியில் வில்கேயும் கூட்டாளிகளும் ஒரு தொண்டரின் தட்டில் கருவி வைத்து நாள் முழுக்க அளந்தபோது, கதிரையில் சரிந்து சோம்பலாக இருந்த நேரத்து அழுத்தம் நேராக நின்றதைவிடக் குறைவாக வந்தது. பாரம் தூக்கும்போது முதுகு வளைந்தால் அழுத்தம் கூடுகிறது என்பதும் அதே அளவீட்டில் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அழுத்தம் வேறு, நோ வேறு. முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்துத் தூக்கும்படி தொழிலாளருக்குப் பயிற்சி கொடுத்தால் நாரி நோ குறைகிறதா என்று கொக்ரேன் நிறுவனத்தின் 2011 தொகுப்பாய்வு பார்த்தது. குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அடுத்தது அந்தப் படம். தேய்வு, இடைவெளி, பிதுக்கம் என்ற மூன்று சொற்களையும் கேட்டால் வீட்டில் மரணச் செய்தி வந்ததுபோல ஆகிவிடுகிறது. பிரிஞ்சிக்ஜி குழுவினர் 2015இல், எந்த நோவும் இல்லாத 3,110 பேரின் ஸ்கான் படங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோவில்லாத இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கே தட்டுத் தேய்வு இருந்தது. எண்பது வயதினரில் 96 விழுக்காடு. பிதுக்கம் இருபதில் 30, எண்பதில் 84. நரைக்கு யாரும் நாரிப் பட்டி கட்டுவதில்லை. முதுகுக்குள் நரைப்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பீதி?

படமே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. காய்ச்சலோடு வரும் நாரி நோ, காரணமில்லாமல் மெலிவு, விழுந்து அடிபட்டபின் வந்த நோ, புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த நோ, சிறுநீர் கட்டுப்பாடு போவது, கால் சோர்ந்துவிடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், படமும் எடுக்க வேண்டும். இவை கொஞ்சப் பேருக்கு. மீதி எல்லாருக்கும் அதே படத்தை எடுத்து அதே தீர்ப்பை எழுதுவதுதான் வியாபாரம்.

படம் காட்டாத ஒன்று உண்டு. ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட சோதனை புத்தளத்தாருக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது உப்புச் சோதனை. சுகதேகிகள் 12 பேரின் நாரியில் கடல்நீரைவிடக் கனமான உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றினார்கள்: ஒரு தடவை தோலடியில், ஒரு தடவை தசையில், ஒரு தடவை சவ்வில். சவ்வில் ஏற்றியபோதுதான் நோ மிகக் கடுமையாக, மிக நீண்ட நேரம், மிக அகலமாகப் பரவியது. இறைச்சிக் கடைக்காரர் பூனைக்கு எறிகிற பொருளில் நோ உணரும் நரம்பு முனைகள் அத்தனை செறிவு. அமெரிக்காவில் லாஞ்ச்வின் அல்ட்ராசவுண்டால் பார்த்தபோது, நீண்டநாள் நாரி நோ உள்ளவர்களின் முதுகுத் தொடுப்பிழையம் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு தடித்திருந்தது. அவருடைய 2011 ஆய்வில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. தடித்ததால் நோவா, நொந்ததால் அசையாமல் இருந்து தடித்ததா என்பதை அந்த ஆய்வுகள் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது வழி திறந்திருக்கும்போது, நோகிறவரிடம் போய் 'அசையாதே' என்பது என்ன வைத்தியம்?

வழுக்கி ஓட வேண்டியதை ஓட விடாமல் கட்டிவைப்பதற்கு அந்த நாரிப் பட்டி. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நீண்டநாள் நாரி நோவுக்கென்று வெளியிட்ட வழிகாட்டியில், வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்ற பட்டியலில் நாரிப் பட்டியும், முதுகை இழுத்துக் கட்டும் சிகிச்சையும் இருக்கின்றன. படுக்கை ஓய்வின் கதை அதற்கும் முந்தியே முடிந்துவிட்டது. 1986இல் டேயோ, 203 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 2 நாள் ஓய்வும் மற்றவருக்கு 7 நாள் ஓய்வும் சொல்லிப் பார்த்தார். குணமாவதில் வித்தியாசமில்லை, 2 நாள்காரர்கள் வேலைக்குத் திரும்பியதுதான் சீக்கிரம். 1995இல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் பார்த்தபோது, படுத்தவர்களைவிடவும் பயிற்சி செய்தவர்களைவிடவும், முடிந்த அளவுக்கு அன்றாட வேலையைப் பார்த்தவர்கள் விரைவில் தேறினார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தச் செய்தி எங்கள் கரைக்கு இன்னும் வள்ளம் ஏறவில்லை.

கதிரைத் தொழுகையைத் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் உறைக்கிற இடம் அது. எங்கள் பள்ளிவாசலில் ஸஃப் வரிசையின் இரு முனைகளிலும் இப்போது பிளாஸ்டிக் கதிரைகள். நான் சிறுவனாக இருந்தபோது ஒன்றோ இரண்டோ இருந்தன, அதுவும் மிக வயதானவர்களுக்கு. இயலாதவர் இருந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் கை வைக்க நான் யார். என் கேள்வி, அந்தச் சலுகையை முடிவுத் தேதி போடாமல் எழுதிக் கொடுக்கிற டொக்டரிடம். ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் 17 ரக்அத். என்றால் ஒரு நாளைக்கு 17 தடவை இடுப்பை மடித்து நிமிர்வது, 34 தடவை நெற்றியை நிலத்தில் வைத்து எடுப்பது, இருந்து எழுவது வேறு. எந்த பிசியோதெரபிஸ்ட் இதைவிட ஒழுங்காக ஓர் அறுபது வயதுக்காரரைக் குனிந்து எழ வைப்பார்? இரண்டு கிழமைக்குக் கதிரை, பிறகு கையை ஊன்றி ருகூஉ, பிறகு ஒரு தலையணைமேல் சுஜூது, அப்புறம் நிலம் என்று படிப்படியாகச் சொல்லியிருக்கலாம். ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். நிலத்திலிருந்து எழுகிற பழக்கம் போனவர், ஒருநாள் குளியலறையில் விழுந்தால் எழத் தெரியாதவர் ஆகிவிடுவார்.

இனி மற்றப் பக்கத்துக் கடைக்காரர்கள். சவ்வைப் பற்றி நான் இவ்வளவு பேசியதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள். சவ்வு ஒட்டிக்கொண்டுவிட்டது, முடிச்சு விழுந்துவிட்டது, நாங்கள் உருட்டிப் பிரித்துவிடுகிறோம் என்று கைபேசியில் நிமிடத்துக்கு ஒரு காணொளி வருகிறது. சுழுக்கெடுப்பவரும், நோ எண்ணெய் பூசி உருவுகிறவரும், இப்போது ஊருக்கூர் முளைத்த ஹிஜாமா நிலையங்களும் தத்தம் மொழியில் இதையே சொல்கின்றன. ஹிஜாமாவின் மார்க்கச் சிறப்பைப் பேச நான் வரவில்லை. உடலியல் விளக்கத்தைப் பற்றி மட்டும். தொடையின் பக்கச் சவ்வையும் உள்ளங்காற் சவ்வையும் கையால் அழுத்தி ஒரு விழுக்காடு உருமாற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று சௌத்ரியின் குழு 2008இல் கணக்கிட்டது. மனிதக் கையால் ஆகிற காரியமல்ல என்று விடை வந்தது. அந்தச் சவ்வு அத்தனை உறுதி. உருவினால் சுகம் வருவது பொய்யல்ல; எனக்கே வரும். தோலிலும் சவ்விலும் இருக்கிற நரம்பு முனைகள் மூளையோடு பேசி, கொஞ்ச நேரம் காவலைத் தளர்த்துகின்றன. அந்தச் சுகத்தில் எழும்பி நடந்தால் லாபம். முடிச்சு இன்னும் மிச்சமிருக்கிறது, அடுத்த கிழமையும் வா என்பதை நம்பினால் நட்டம். 'உன் உடம்பு கோணல், நான் நேராக்குகிறேன்' என்பதில் டொக்டரும் உருட்டுக்காரரும் ஒரே மதம்.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான சாட்சியையும் கூப்பிட்டுவிடுகிறேன். சிட்னியில் 999 நோயாளிகளிடம், நோ தொடங்கியதற்கு முந்திய நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு 2015இல் ஸ்டெபன்ஸ் ஓர் ஆய்வு வெளியிட்டார். வாகில்லாத நிலையில் வேலை செய்தபோது திடீர் நாரி நோ தொடங்கும் வாய்ப்பு 8 மடங்கு. பிரசங்கிகள் இந்த எட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதே பட்டியலில் உடம்பு களைத்திருந்தபோது ஏறத்தாழ நாலு மடங்கு என்றும், வேலையின்போது கவனம் சிதறியிருந்தால் 25 மடங்கு என்றும் இருக்கிறது. இருபத்தைந்து! வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், கடன்காரர் நாளைக்கு வருவார், தோட்டத்தில் இன்னும் நாலு பாத்தி. இதை எந்தச் சுவர்ப்படத்தில் வரைவது?

சவ்வு உண்மையாகவே கெட்டு நோ வருகிற இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நிமிர்வுக்காரர்கள் வாயே திறப்பதில்லை. எங்கள் தெருவில் மாமி ஒருவருக்குத் தலைவாரக் கை உயராது. பின்னால் கை கொண்டுபோய் உடுப்புக் கொக்கி மாட்ட முடியாது. கூன் போட்டுத் தைத்ததால் வந்தது என்று எல்லாரும் தையல் மெஷினைத் திட்டினார்கள். அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். தோள் மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்வுப் பை தடித்துச் சுருங்கி இறுகிவிடுவது, சீனி உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. காரணம் சவ்வின் நெசவிலேயே இருக்கிறது. அது கொலாஜன் நாரால் ஆனது. அந்த நார் தசையைப்போலச் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதில்லை, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரத்தத்தில் மிதக்கிற சீனி அதில் ஒட்டி, நாருக்கும் நாருக்கும் இடையில் கொக்கி போடுகிறது. பாகு பட்டுக் காய்ந்த நூல்போல அது விறைத்துவிடுகிறது. விரல் மடங்கி நிமிராமல் 'டக்'கென்று விடுவது, உள்ளங்கை சுருங்குவது எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். மாமிக்குத் தேவைப்பட்டது, தேநீரில் மூன்று கரண்டி போடுவதைப் பற்றிய பேச்சும் தோளை நாள்தோறும் கொஞ்சம் அசைக்கிற பொறுமையும். 'நேராக இருந்து தையுங்க' என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது. அதற்கும் காசு வாங்கினார்கள்.

பாரமும் அப்படித்தான். கொலாஜன் நார் அசையாமல் கிடந்தால் ஒழுங்கு கெடும். பாரம் பட்டு, பிறகு ஓய்ந்தால் உறுதிப்படும். ஒரு கடும் வேலைக்குப் பிறகு நாரைக் கட்டும் வேலை ஒரு நாளில் உச்சத்துக்குப் போய் மூன்று நாள் வரை நீடிக்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கரைவலைக் கயிறும் வெங்காயப் பெட்டியும் எதிரிகள் இல்லை. சீசன் தொடங்கிய முதல் கிழமையிலேயே முழுப் பாரம், ஏழு நாளும், நடுவில் ஆறவிடாமல் என்பதுதான் எதிரி. மழைக்காலம் முழுக்கச் சும்மா இருந்த உடம்பை ஒரே நாளில் பத்து மணித்தியாலம் பாத்தியில் இறக்கினால் நிமிர்ந்தவருக்கும் நோகும், குனிந்தவருக்கும் நோகும்.

உம்மா பட்டியை ஆறு மாதம் கட்டினார். நோ குறையவில்லை, வீட்டுக்குள்ளேயே பயந்து பயந்து நடக்கப் பழகினார். கீழே விழுந்த கரண்டியை எடுக்க என்னைக் கூப்பிடுவார். பிறகு ஒரு நோன்பு காலத்தில், கதிரையில் இருந்து தராவீஹ் தொழ மனசு வரவில்லை என்று தானாகவே பட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதல் நாள் தலையணைமேல் நெற்றி வைத்தார். பெருநாளைக்கு முன்பே நிலத்துக்கு வந்துவிட்டார். நோ முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. மழை இருட்டினால் ஓர் உளைவு வரும். ஆனால் கரண்டியை அவரே எடுக்கிறார்.

தோட்டத்துக்கும் போனார், வாரத்தில் மூன்று நாள். எனக்கு விருப்பமில்லை, அவர் கேட்கவில்லை. ஒருநாள் அவரைக் கூட்டிவரப் போனபோது கொந்தராத்துக்காரர் வரப்பில் நின்றிருந்தார். நல்ல மனிதர்தான், பேச்சுக்குப் பேச்சு சிரிப்பார். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் ரெண்டு நிமிடம் நிமிர்ந்து நடக்கவிட்டால் நாரிக்கு நல்லது என்று மக்கிலின் சோதனையை என்னால் முடிந்த தமிழில் அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"எட்டு மணித்தியாலத்துக்கு நாப்பத்தெட்டு நிமிசம் வருது சேர்" என்றார். "அதுக்கு யார் காசு குடுக்கிற?"

உம்மா பாத்தியில் குனிந்தபடியே சிரித்தது கேட்டது.